தம்பியின் கண்

பாலுசாமிக்குப் பக்கவாட்டுப் பார்வை குறைந்து வெகுநாள் ஆகியிருந்தது. அது அவருக்கே தெரியாது. தறிக்கூடத்தில் நடக்கும்போது தறியில் ஆடுகிற கட்டையில் முழங்கையை இடித்துக்கொண்டார். வாசலில் கட்டியிருந்த எருமையின் மேல் போய் மோதினார். கல்யாண வீட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கும்பிட்ட ஒறம்பரைச் சொந்தத்தைக் கவனிக்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாலுசாமிக்குத் தறி பதினாறு ஆனதும் கெத்து வந்துபோச்சு, பாத்தும் பாக்காத மாதிரி இருக்கறான்" என்று பங்காளிகள் பேசிக்கொண்டார்கள். நேராகப் பார்த்தால் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் விளக்கைத் தாழ இழுத்து, இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி தறியை ஓட விட, அவருக்கு அந்தக் கண் போதுமானதாக இருந்தது. அதனால் கண்ணில் குறை இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. எருமையைக் குறுக்கே கட்டிய தம்பி பெண்டாட்டி மேல்தான் குறை என்று நினைத்தார்.

வீடு சோமனூர் ரயில் பாதைக்குத் தெற்கே இருந்தது. ஒரே வாசலுக்கு எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் பாலுசாமியும் ராசாத்தாளும். அவர்கள் மகன் சபரீஷ் ஈரோட்டில் ஆஸ்டலில் தங்கிப் படித்தான். எதிர்வீட்டில் தம்பி கந்தப்பனும் மயிலாத்தாளும், பள்ளிக்கூடம் போகிற மகள் நித்யஸ்ரீயும். பின்னால் இருந்த நீளமான சிமெண்ட் ஓட்டுக் கட்டிடம் தறிக்கூடம். வியாபாரி பாவும் நூலும் கொடுப்பார். துணியாக்கிக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் தறி ஓடியது. அந்தச் சத்தத்தில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. கரண்ட் போகிற கணத்தில் யாராவது கத்திக்கொண்டிருந்த கடைசி வார்த்தை மட்டும் தனியாக வாசல்வரை வந்து விழும், எல்லோரும் சிரிப்பார்கள்.

அவர்களுடைய அப்பனுக்குக் கடைசிக் காலம் முழுக்கக் கண் தெரியாது. அத்தை ஒருத்திக்கும் அப்படித்தான். சித்தப்பன் ஒருவர் கிணற்று மேட்டில் கால் தவறியே செத்தார். குலதெய்வக் குத்தம் என்றும், செய்வினை என்றும் ஊரில் பேச்சு இருந்தது. அப்பனைக் கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் கைபிடித்துக் கூட்டிப் போக இரண்டு மகன்களும் இருந்தார்கள். ஆனால் அவர் சின்னவனைத்தான் தேடுவார். "பெரியவன் இழுத்துக்கிட்டுப் போறான், சின்னவந்தான் கூட்டிக்கிட்டுப் போறான்" என்பார். நிலத்தில் பாதியை விற்றுத் தறி போட்டதும், வியாபாரியிடம் வாய் கொடுத்துக் கூலி ஏற்றியதும், தம்பிக்குப் பெண் பார்த்ததும் எல்லாம் பாலுசாமிதான். அப்பன் சாகும்போதும் சின்னவன் பேரைச் சொல்லித்தான் கையை நீட்டினார்.

அந்தப் புரட்டாசியில் சோமனூர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கலாம் என்றுதான் பாலுசாமி போனார். லட்சுமணசாமி என்கிற டாக்டர் அவர் கண்ணுக்குள் லைட்டை அடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"உங்க அப்பாவுக்குக் கண்ணு எப்படீங்க?"

"கடேசில தெரியலீங்க."

"கூடப்பொறந்தவங்க எத்தனை பேரு?"

"ஒரே தம்பிங்க."

கண்ணுக்குள் இருக்கிற நீரின் அழுத்தம் ஏறி நரம்பை அமுக்குகிறது, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு நடுவுக்கு வரும், வலி இருக்காது, போன பார்வை திரும்பாது, மருந்து ஊற்றி மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். பாலுசாமி கண்ணாடி வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. இறங்கிய பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். பருத்திச் சுடிதார் போட்டு, தோளில் பை மாட்டியிருந்தாள். ராசாத்தாள் கட்டிலை இழுத்துப் போட்டு, சுடச்சுடக் கச்சாயமும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மிணிக்கு எந்தூருங்?"

"பாப்பநாயக்கன்பாளையமுங்க. பேரு வெங்கடலட்சுமி."

"நாயுடுமாரு ஊடுங்களா? டாக்டருக்குப் படிக்கறீங்களா?"

"டாக்டர் இல்லீங்க. ஆராய்ச்சி. வயசானா வர்ற நோவு சில குடும்பத்துல மட்டும் ஏன் தொடர்ந்து வருதுன்னு கம்ப்யூட்டர்ல பாக்கற வேலைங்க."

வெள்ளைத் தாளை மடியில் விரித்து அவள் வரைந்தாள். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம், கண் போனவர் என்றால் உள்ளே கறுப்பு. அப்பனும் அத்தையும் சித்தப்பனும் கறுப்பானார்கள். பாலுசாமியின் கட்டத்தை அவள் அவர் எதிரிலேயே பேனாவால் அடித்து நிரப்பினாள். பக்கத்தில் கந்தப்பனின் கட்டம் வெள்ளையாக இருந்தது. பாலுசாமி அந்த இரண்டு கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கந்தப்பன் தறிக்கூடத்திலிருந்து நூல் பிசிறு ஒட்டிய தலையோடு வந்து தரையில் குந்தினான். குடும்பத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றாள் வெங்கடலட்சுமி. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற சுபாவம் கந்தப்பனுக்கு.

"ரத்தத்துல போயிக் கண்ணு நோவு எப்படிங் அம்மிணி தெரியும்?"

"அப்பா ரத்தத்துல இருந்து உங்களுக்குப் பாதி வருதுங்க. ஆனா உங்க அண்ணனுக்கு வந்த அதே பாதி உங்களுக்கு வராது. அவருக்கு ஒரு துண்டு, உங்களுக்கு வேற துண்டுன்னு கலந்து கலந்து வரும். கண்ணு போனவங்க அத்தனை பேருகிட்டயும் பொதுவா இருக்கற துண்டு எதுன்னு தேடணும். ரத்தத்துல நானூறு எடத்துல அடையாளம் பாத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுருவம். ஆருக்கு எது எப்படி வந்திருக்கும்னு அது கணக்குப் போடும். உங்க குடும்பம் பெருசுங்க. ராவும் பகலும் ஓடினாலும் நாலஞ்சு நாளு ஆகும்."

"நம்ம தறியாட்டம்னு சொல்லுங்க. நடுவால கரண்ட் போயிட்டா?"

"மறுக்கா மொதல்ல இருந்துதானுங்க" என்று அவள் சிரித்தாள்.

கந்தப்பனும் சிரித்தான். பிறகு அவள் தம்பியின் பக்கமே திரும்பி உட்கார்ந்து பேசினாள். நோவு எனக்கு, பேச்சு அவனோடு என்று பாலுசாமி நினைத்தார். சட்டைக் கையை மடித்து, "மொதல்ல எனக்கு ரத்தம் எடு கண்ணு" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தில் வயது வந்தவர்கள் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். இருட்டறையில் ஒரு மெஷின். தலையை உள்ளே கொடுத்து நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். பாலுசாமி பட்டனைப் பிடித்துக் காத்திருந்தார். வெளிச்சம் வரவே மாட்டேன் என்றது. மெஷின் ரிப்பேர் என்று நினைத்தார். அபூர்வமாக ஒன்று நடுவில் மின்னியது, அமுக்கினார். "அமுக்குங்க, அமுக்குங்க" என்று அந்த அறைப் பெண் சொன்னாள். "வந்தாத்தானுங்க அமுக்கறது" என்று கோபப்பட்டார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். உள்ளே கந்தப்பன் போனான். கதவுக்குப் பின்னாலிருந்து பட்டன் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக்கென்று விடாமல் கேட்டது. மெஷின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. தம்பிக்கு அங்கே மேலும் கீழும் ஓரத்திலும் எத்தனை வெளிச்சம் மின்னுகிறதோ அத்தனையும் தனக்கும் மின்னித்தான் இருக்கிறது. ஒவ்வொரு டிக்கும் அவர் பல்லுக்குள் போய் விழுந்தது. ராசாத்தாள் அவர் கையைப் பிடித்தாள், அவர் உதறினார்.

"தம்பிக்குக் கண்ணு சுத்தமா இருக்குதுங்க" என்றார் டாக்டர்.

"நல்லதாப் போச்சுங்க" என்றார் பாலுசாமி. அந்த இரண்டு சொற்களை அவர் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் தம்பியைப் பார்க்கிற விதமே மாறியது. முன்பெல்லாம் தம்பி கூடத்தில் இருக்கிறான் என்பது, மோட்டார் இருக்கிறது என்பதைப் போல ஒரு விஷயம். இப்போது தலையைத் திருப்பித் திருப்பி அவனையே பார்த்தார். கந்தப்பன் ஒரு தறியில் கை வைத்துக்கொண்டே நாலாவது தறியில் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்ததைக் கண்டுகொள்வான். "அங்க ஊடை தீர்ந்துபோச்சு பாரு" என்று வேலைக்காரப் பெண்ணுக்குத் தலையைத் திருப்பாமலே சொல்வான். சோறு உண்ணும்போது பக்கத்திலிருந்து சரிந்த டம்ளரைச் சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையால் பிடித்தான். மயிலாத்தாளுக்கு அது சாதாரணம். அவள் கொள்ளுப்பருப்பை ஊற்றிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தாள். பாலுசாமி பாதிச் சோற்றில் கை கழுவினார்.

ஒரு வயிற்றில் பிறந்தோம். ஒரே அப்பன் ரத்தம். இவனுக்கு மட்டும் நல்ல துண்டு எப்படிப் போயிற்று? அப்பன் சாகும்போது கையை மட்டுமா இவனுக்குக் கொடுத்தார்?

ராசாத்தாள் வேளை தவறாமல் அவர் கண்ணில் மருந்து ஊற்றினாள். அவரைத் தனியாக சைக்கிளில் விடவில்லை. வியாபாரியிடம் துணி கொண்டுபோகிற வேலை மெல்ல கந்தப்பனிடம் போனது. யாரும் கூடி முடிவெடுக்கவில்லை, தானாகப் போனது. "ஏனுங் கந்தப்பா, நாளைக்குப் பாவு வருதா?" என்று ராசாத்தாள் ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை அவள் புருஷனிடம்தான் கேட்டிருக்கிறாள்.

"ஏன், எங்கிட்டக் கேட்டா வாய் வெந்துபோகுமா?" என்று உள்ளிருந்து பாலுசாமி கத்தினார். அன்றைக்குப் பார்த்து அந்த நேரத்தில் கரண்ட் போனது. தறி நின்ற அமைதியில் அந்தச் சொல் தெருவரை கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

மார்கழியில் அவர் பாகம் பிரிக்கணும் என்று ஆரம்பித்தார்.

"எதுக்குங்ணா இப்ப?" என்றான் கந்தப்பன்.

"கண்ணு இருக்கறவன் பொழைச்சுக்குவான். குருடன் பாகத்தைக் குருடன் இப்பவே தடவிப் பாத்துக்கறேன்."

"அப்படிப் பேசாதீங்ணா. எட்டுத் தறிய நீங்க வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? நாந்தானுங்களே ஓட்டோணும்?"

அவன் அதைப் பாசமாகத்தான் சொன்னான். பாலுசாமிக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதோடு அவர் தம்பியிடம் பேசுவதை நிறுத்தினார். மயிலாத்தாள் கொடுத்தனுப்பிய பொங்கலை எருமைத் தொட்டியில் கொட்டச் சொன்னார். ராசாத்தாள் கொட்டவில்லை, அடுப்படியில் உட்கார்ந்து தானே தின்றாள்.

மாசியில் கோயமுத்தூரில் குண்டு வெடித்தது. பஸ் ஓடவில்லை, நூல் வரவில்லை, தறி நின்றுபோனது. நிற்கிற தறிகளுக்கு நடுவே அண்ணனும் தம்பியும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து கிடந்தார்கள். கந்தப்பன் ஒவ்வொரு தறியாகக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டான். நட்டு கீழே விழுந்தால் எங்கே உருண்டது என்று அவனுக்குத் தெரிந்தது. எடுத்து மாட்டினான். பாலுசாமி அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் வெங்கடலட்சுமி மறுபடி வந்தாள். அன்றைக்கு வீட்டில் பாலுசாமி மட்டும்தான் இருந்தார். ராசாத்தாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

"தம்பி இல்லீங்களா?"

"ஆனமலைக்குப் போயிருக்கறானுங் கண்ணு, குடும்பத்தோட. மாசாணியம்மனுக்கு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "எங்கண்ணுக்கு வேண்டிக்கப் போயிருக்கறான்."

அவள் வெகுநேரம் காத்திருந்தாள். மோர் குடித்தாள். வாட்சைப் பார்த்தாள். மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாள், அடுத்த வாரம் விமானம் என்று சொன்னாள். கடைசியில் எழுந்துகொண்டாள்.

"டாக்டர் நேர்ல சொல்லச் சொன்னாருங்க. நீங்கதான் பெரியவரு, தம்பிகிட்டச் சொல்லிப்போடுங்க. கம்ப்யூட்டர்ல ஒரு எடம் அகப்பட்டுருச்சு. கண்ணு போனவங்க எல்லார்கிட்டயும் இருக்கற துண்டு உங்க தம்பிகிட்டயும் இருக்குதுங்க."

பாலுசாமி அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவனுக்குத்தான் கண்ணு நல்லா இருக்குதுன்னாங்களே?"

"இப்ப நல்லா இருக்குது. வயசாக ஆக வரலாம். வராமயும் போகலாம், உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுனா, வந்த ஒடனே மருந்து ஊத்திக் கண்ணை முழுசாக் காப்பாத்திக்கலாம். அவரு குடுத்து வெச்சவரு, முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. பசங்களுக்கு இன்னும் வயசிருக்குது, அப்புறமாப் பாத்துக்கலாம். மறந்துராதீங்க."

"சொல்லிப்போடறனுங் கண்ணு. நீ பத்திரமாப் போயிட்டு வா."

ஜீப் ரயில் பாதையைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. பாலுசாமி கட்டிலில் உட்கார்ந்தார். நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. பல மாதமாக இறுகிக் கிடந்தது ஒன்று அவிழ்ந்த மாதிரி இருந்தது. அது சந்தோஷம் என்று புரிந்ததும் அவருக்கு வியர்த்தது. எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். கழுவிய பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.

பொழுது சாயக் கந்தப்பன் வந்தான். பஸ்ஸில் நின்றே வந்த களைப்போடு நேராக அண்ணன் வாசலுக்கு வந்து, பொட்டலத்தைப் பிரித்துக் குங்குமத்தை நீட்டினான். மார்கழியிலிருந்து பேசாத மனுஷன் நெற்றியைக் குனிந்து கொடுத்தார். கந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆராச்சும் வந்தாங்களாங்ணா?"

"ஆரும் வரலை" என்றார் பாலுசாமி.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தார். மறுநாள் பாவு வந்தது. அப்புறம் நித்யஸ்ரீக்குப் பரீட்சை முடிவு. ஆடிக்காற்று மண்ணை வாரிக்கொண்டு தறிக்கூடத்துக்குள் அடித்தபோது, இந்த மாதம் வேண்டாம் என்று தள்ளினார். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணம் அவருக்குத் தெரியும்: சொன்னால் அவன் மருந்து ஊற்றித் தப்பித்துக்கொள்வான்.

வேடிக்கை என்னவென்றால், சொல்லாமல் வைத்திருக்க வைத்திருக்க அவர் நல்லவராகிக்கொண்டே போனார். பாகப் பேச்சை விட்டார். தம்பி துணி கொண்டுபோனால் "வெயில்ல போகாத, குடையெடுத்துக்க" என்றார். நித்யஸ்ரீக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். தம்பியின் கண் நாலாவது தறியில் தார் தீர்ந்ததைப் பார்த்தால் அவருக்கு இப்போது எரியவில்லை. பாத்துக்க, பாக்கற வரைக்கும் பாத்துக்க என்று உள்ளே ஒரு குரல் சொல்லும், மனசு அமைதியாகிவிடும்.

"மாசாணியாத்தா மாமன் மனசைத் தொறந்துபோட்டாளுங்க்கா" என்று மயிலாத்தாள் ராசாத்தாளிடம் சொன்னாள்.

ராசாத்தாள் முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கினாள். அவளுக்குப் புருஷனின் நல்ல குணத்தைப் பார்த்துப் பழக்கமில்லை. ஒருநாள் மருந்து ஊற்றும்போது கேட்டாள்: "ஏனுங், கந்தப்பனை ஏன் இப்படியே பாத்துக்கிட்டு இருக்கறீங்க?"

"பாத்தா என்ன? எந்தம்பி."

"கசாப்புக்காரன் கெடாய்க் குட்டியப் பாக்கற மாதிரிப் பாக்கறீங்க" என்றாள் அவள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மருந்து கன்னத்தில் வழிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் லட்சுமணசாமி டாக்டர் ஞாபகமாகக் கேட்டார், "தம்பி ஏன் வர்றதில்லை?"

"வாரேன்னுதானுங்க சொல்றான். தறிய விட்டுட்டு வர முடியறதில்லை."

"கண்டிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"சரீங்க."

இப்படியே அந்த வருஷம் போய் அடுத்த வருஷத்து ஐப்பசியும் வந்தது. விடாமல் மழை. தறிக்கூடத்துக் கூரையில் நாலு இடத்தில் ஒழுகியது. மயிலாத்தாள் துணியின் மேல் சொட்டாமல் குண்டாக்களை வைத்துக்கொண்டு போனாள். கந்தப்பன் கடைசித் தறியில் குனிந்து இழை எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இடப்பக்கத்துத் தறியில் நூலோடு பறந்து போய் வருகிற நாடா தடம் மாறி வெளியே பாய்ந்தது. இரும்பு மூக்கு வைத்த கட்டை அது. வேலைக்காரப் பெண்கள் கூச்சலிட்டு உட்கார்ந்தார்கள். தறிக்காரனுக்கு நாடா தெறிப்பது புதிதல்ல. ஓரக்கண்ணில் நிழல் ஆடினாலே உடம்பு தானாக விலகும். கந்தப்பன் விலகவில்லை. அது அவன் இடது நெற்றிப்பொட்டில் அடித்தது.

பாலுசாமி ஓடினார். வழியில் குண்டா ஒன்றை இடறித் தள்ளினார். தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம் இறங்கியது.

"ஒண்ணுமில்லீங்ணா. வந்ததே தெரியலை. பக்கத்துல இருந்துதான் வந்துது, ஆனாத் தெரியலீங்ணா."

அந்த வார்த்தை பாலுசாமிக்கு நன்றாகத் தெரியும். அவரே எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. இவ்வளவு நாள் எதை எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாரோ அது வந்துவிட்டது. உள்ளே அந்தக் குரல் பேசும் என்று காத்தார். அது பேசவில்லை. தம்பியின் முகத்தில் ரத்தம் மட்டும் தெரிந்தது. 

மயிலாத்தாள் மஞ்சளும் துணியும் எடுக்க ஓடினாள். மழையில் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கி நின்றன. பெண்கள் வாசலுக்குப் போனார்கள்.

"கந்தப்பா, உனக்கும் அது இருக்குது."

"எதுங்ணா?"

"கண்ணு நோவு. உங்கிட்டயும் அந்தத் துண்டு இருக்குதுன்னு அந்தப் புள்ள வந்து சொல்லீட்டுப் போச்சு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா காட்டோணும்னுச்சு."

கந்தப்பன் நெற்றியிலிருந்து கையை எடுத்தான்.

"எப்பச் சொன்னாங்க?"

"போன வருசம் சித்திரைல. நீ மாசாணியம்மனுக்குப் போயிருந்தயல்ல, அன்னைக்கு."

ஓட்டின் மேல் மழை இரைந்தது. கந்தப்பன் ரத்தம் பட்ட விரல்களை வேட்டியில் துடைத்தான். பிறகு, "ஏனுங்ணா?" என்றான்.

"எனக்குப் பொறுக்கலைடா. உனக்கு மட்டும் கண்ணு தெரிஞ்சது, பொறுக்கலை."

கந்தப்பன் எழுந்தான். கரண்ட் வந்தால் தறிகள் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு தறிக்கும் போய் சுவிட்சை அணைத்தான். பதினாறையும் அணைத்துவிட்டு வாசற்படியில் நின்று திரும்பாமல் சொன்னான்:

"பொம்பளைகளுக்கு இது தெரிய வேண்டாம். காலைல முதல் பஸ்ஸுக்குப் போலாம்."

பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டு காலியாக இருந்தது. பாலுசாமி ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். கந்தப்பன் பின்னால் போய், தெரியாத ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்தான். சூலூர் வரும்வரை பாலுசாமி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியபோது, தம்பி ஒரு கண்ணைக் கையால் மூடி வெளியே பார்த்தான், பிறகு மற்றொரு கண்ணை மூடிப் பார்த்தான். மழையில் நனைந்த பனைமரங்கள் போய்க்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் மெஷினும் டாக்டரும் முடிய மத்தியானம் ஆனது. வலது கண் ஏறக்குறைய முழுசாக இருந்தது. இடது கண்ணில் ஓரம் போயிருந்தது. "இதோட நிறுத்திரலாம், பயப்படாதீங்க. கொஞ்சம் முந்தி வந்திருந்தா இடதும் அப்படியே நின்னிருக்கும்" என்றார் லட்சுமணசாமி. கந்தப்பன் தலையாட்டினான். இன்னொரு முறை ரத்தம் வேண்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள்.

மாடியில் ஏசி போட்ட சின்ன அறையில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தன. ஒன்றில் எண்கள் வரிவரியாக மேலே போய்க்கொண்டிருந்தன. அதன் முன்னால் வெங்கடலட்சுமி இருந்தாள். முடியைக் கத்தரித்திருந்தாள். திரும்பி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றாள். கந்தப்பனின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏனுங்க, அன்னைக்கே வந்து சொன்னனுங்களே. உங்களுக்காகக் காத்திருந்து பாத்துட்டு, அண்ணன்கிட்டச் சொல்லிட்டுத்தானே போனேன்? இத்தனை நாளு ஏன் வராம இருந்தீங்க?" அவளுக்குக் குரல் உடைந்தது. "கண்டுபிடிச்சு என்னங்க பிரயோசனம்?"

பாலுசாமி கம்ப்யூட்டரில் போகிற எண்களைப் பார்த்தார். கந்தப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

"தறி வேலைங்க அம்மிணி. இன்னைக்கு நாளைக்குன்னு உட்டுப்போட்டேன். எந்தப்புத்தான்." ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் கையை நீட்டினான். "இனிமே எங்க ஊட்டுச் சேதி எதா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லிப்போடுங்க. எம்பொண்ணு சேதியும் அப்படித்தான். அண்ணனுக்கு வயசாச்சு, மறந்துபோறாரு."

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. இதோடு முடிந்தது என்று பாலுசாமிக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போகலாம். ராசாத்தாளுக்குத் தெரியாது, மயிலாத்தாளுக்குத் தெரியாது, வெங்கடலட்சுமிக்கும் தெரியப்போவதில்லை. மறதிக்காரக் கிழவன் என்று எல்லோரும் பாவப்படுவார்கள். தம்பி தன் வாயால் கட்டிக்கொடுத்த மறைப்பு அது. அதற்குள் போய் அவர் காலம் முழுக்கப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளலாம். இதையும் அவனே கொடுக்கிறான் என்கிற நினைப்பு வந்ததும் பழைய எரிச்சல் ஒருமுறை எட்டிப் பார்த்தது. பிறகு அதுவும் அடங்கியது.

"நான் மறக்கலீங் கண்ணு" என்றார் பாலுசாமி.

வெங்கடலட்சுமி நிமிர்ந்தாள்.

"நீ சொன்னது எனக்கு ஒரு நாளும் மறக்கலை. தெனமும் நெனச்சேன். அவனுக்கும் போகட்டும்னு சொல்லாம இருந்துட்டேன். எழுதிக்க வேணும்னா அப்படி எழுதிக்க."

அவள் பேனாவை எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் பாலுசாமி தலையை முழுதாகத் திருப்ப வேண்டும். மெதுவாகத் திருப்பினார். கந்தப்பன் ஏற்கனவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்து குழாய்க்குள் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.